அடுக்களைத் தூய்மை போதுமா?

சித்திரைத் திங்கள் வளர்பிறையில் வரும் அட்சய திருதியை நம்மவர்க்குப் பொன் வாங்கும் நாள் அன்று. நெடுங்காலம் ஆகாரமின்றி இருந்த ஆதிபகவன் விருஷப தேவருக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் கருப்பஞ்சாறு அளித்துப் பாரணை செய்வித்த நன்னாள் அது. ஆகார தானம் என்னும் அறம் தொடங்கிய நாள் என்று என் பாட்டியார் கூறக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்நாளில் உணவோ நீரோ ஏதேனும் ஒன்றைப் பிறர்க்கு ஈவது எங்கள் இல்லத்து வழக்கம்.

2023ஆம் ஆண்டு அட்சய திருதியையன்று, சூளகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டி நாங்கள் நான்கைந்து குடும்பத்தார் கூடி ஒரு நீர்மோர்ப் பந்தல் அமைத்தோம். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறுவோர், கொத்தமல்லிக் கட்டுகளையும் தக்காளிக் கூடைகளையும் சந்தைக்குக் கொண்டுவரும் குடியானவர்கள், வடமாநிலத்துக் கூலித் தொழிலாளர்கள் எனப் பலரும் வந்து அருந்தினர். மனத்துக்கு நிறைவாக இருந்தது.

பத்து மணியளவில் ஓர் இளைஞர் இரு சக்கர வண்டியில் தனியே வந்து இறங்கினார். உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, "அம்மா, தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று வினவினார். "நாங்கள் சமணர், தம்பி. வடிகட்டாத தண்ணீரை வாயில் வைக்காத குலம். தூய்மையைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை" என்றேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற குரல் அது. சற்று உரக்கவே ஒலித்திருக்கும்.

அவர் சினம் கொள்ளவில்லை. மோர் அண்டாவில் மிதந்த ஐஸ் கட்டியைக் காட்டி, "இது எங்கே வாங்கியது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இளைஞர்கள் யாரோ விடியற்காலையில் கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தனர். "மீன் கடைகளுக்குப் போகும் ஐஸும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும், அம்மா. உண்பதற்கு அல்லாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018 ஜூன் முதல் விதி உண்டு. எல்லோரும் சேர்ப்பதில்லை. நிறம் இல்லை என்பதால் இது நல்ல ஐஸ் என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. சோதித்தால்தான் தெரியும்" என்றார்.

மீன் என்ற சொல் கேட்டவுடன் என் உள்ளம் நடுங்கியது உண்மை. ஆனால் நடுங்கிய உள்ளம் அடங்குவதற்கு மாறாகச் சீறியது. மாதிரி எடுக்க வேண்டும், அதற்குரிய விலையைத் தந்துவிடுகிறேன் என்று அவர் கூறியபோது, "தானமாகக் கொடுப்பதை விலைக்கு வாங்குவீரோ?" என்று கேட்டேன். சுற்றியிருந்தோர் நகைத்தனர். ஒரு குவளை மோரை நீட்டினேன். பணியில் இருக்கையில் எதையும் வாங்கலாகாது என்று மறுத்துவிட்டார். அது எனக்கு இன்னும் சினமூட்டியது. சாட்சிக் கையொப்பமிட யாரேனும் வருவீர்களா என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டார். ஒருவரும் முன்வரவில்லை. அதற்குள் அவருக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. நெடுஞ்சாலையில் ஏதோ குட்கா மூட்டைகள் பிடிபட்டனவாம். "ஐஸை மட்டும் எடுத்துவிடுங்கள், அம்மா" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.

மறுநாள் எங்கள் தெருவில் நான்கு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. மோரினால் நேர்ந்ததோ, வெயிலினால் நேர்ந்ததோ, வேறெதனாலோ, அறியேன். அறியும் வழியொன்று அண்டாவின் அருகில் வந்து நின்றது. அதை நானே விரட்டிவிட்டேன். பிள்ளைகள் இரண்டு நாளில் எழுந்து விளையாடினர். எனக்குத்தான் அது எளிதில் ஆறவில்லை. பிரதிக்கிரமணத்தின்போது பல நாள் அந்த இளைஞரின் முகம் முன்னே வந்து நின்றது.

நம் அடுக்களை தூய்மையாக இருந்தால் நம் விரதம் நிறைவேறிவிட்டதா என்பதே அன்று முதல் என்னை வருத்திவரும் வினா.

உணவில் நாம் காட்டும் கவனத்துக்குக் குறைவில்லை. இருட்டிய பின் உண்பதில்லை. வடிகட்டிய துணியில் தங்கிய உயிர்களை மீண்டும் அந்நீர்நிலையிலேயே சேர்ப்பித்த தலைமுறையை நான் கண்டிருக்கிறேன். அரைத்த மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், பனிக்காலத்தில் 7 நாள் என்று காலவரம்பு விதித்தவர்கள் நம் ஆன்றோர். பொட்டலத்தின் மேல் காலாவதி நாள் அச்சிடும் வழக்கம் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே நம் வீட்டுப் பெண்கள் அதை மனத்தில் அச்சிட்டு வைத்திருந்தனர். முனிவருக்கு ஆகாரம் அளிக்கும்போது நீக்க வேண்டிய குற்றங்கள் 46 என்று எண்ணி வைத்திருக்கிறோம். ஆனால் தொழிற்சாலை வாயிலில் தள்ளுவண்டியில் சிற்றுண்டி வாங்கும் பீகாரத்துத் தொழிலாளிக்கு அவற்றுள் ஒரு குற்றத்தையேனும் நீக்கிக் கொடுப்பவர் யார்? அவ்விடத்தில் ஒன்றியம் முழுவதையும் சுற்றிவரும் ஓர் அலுவலர் மட்டுமே நிற்கிறார்.

கலப்படத்தை நம் சாத்திரம் எவ்விடத்தில் வைத்திருக்கிறது என்பதை நோக்க வேண்டும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஒவ்வோர் அணுவிரதத்துக்கும் ஐந்து அதிசாரங்களை உமாஸ்வாமிகள் வகுத்துள்ளார். கள்ளாமை விரதத்துக்கு உரிய ஐந்தாவன: திருடத் துணைபுரிதல், திருட்டுப் பொருளைக் கொள்ளுதல், அரச நெறிக்கு மாறாக ஒழுகுதல், பொய்யான எடையும் அளவும் வைத்தல், போலிப் பொருளை மெய்ப்பொருளாக விற்றல். சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமோ, ஒத்த தோற்றமுள்ள ஒன்றை மற்றொன்றுடன் கலத்தல் என்றே வெளிப்படையாகக் கூறுகிறது. நம் அருங்கலச்செப்பு அந்நூலைத் தழுவி எழுந்தது என்பதை வாசகர்கள் அறிவர்.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. கலப்படம் கொல்லாமையின் கீழ் அன்றிக் கள்ளாமையின் கீழ் வைக்கப்பட்டிருப்பது ஒன்று. பாலில் நீர் கலப்பவன் வாங்குவோனின் காசை மட்டும் அன்றி நம்பிக்கையையும் களவாடுகிறான். இக்காலத்தில் கலப்பவை நீரோடு நிற்பதில்லை. 1998ஆம் ஆண்டு தில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் கலந்து 60 பேருக்கு மேல் மாண்டனர். ஆதலால் கள்ளாமையும் கொல்லாமையும் ஒருங்கே கெடுகின்றன. மற்றொன்று, போலிப் பொருள் விற்றலும் அரச நெறியை மீறலும் ஒரே வரிசையில் நிற்பது. நல்ல சட்டத்துக்கு ஒழுகுதல் அரசாங்கத்துக்குச் செய்யும் உபகாரம் அன்று. நாம் மேற்கொண்ட விரதத்தின் ஒரு பகுதி. நாங்கள் அன்று அமைத்த பந்தலுக்கு எந்தப் பதிவும் பெறவில்லை. அன்னதானம் செய்வோரும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை திருவிழாக்காலங்களில் அறிவுறுத்தி வருகிறது. செய்தித்தாளில் படித்திருந்தேன், அது பிறருக்கு என்று எண்ணிக்கொண்டேன்.

சட்டம் இல்லாத நாடு அன்று நம்முடையது. சென்னை மாகாணத்தில் 1918ஆம் ஆண்டிலேயே கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்கும் 1954இல் ஒரு சட்டம் வந்தது. அதன்பின் 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்துக்கு ஓர் ஆணையர், மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழே வட்டாரந்தோறும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்னும் வரிசையை அச்சட்டம் வகுத்தது. ஏட்டில் உள்ள இவ்வரிசை தெருவுக்கு வரும்போது எஞ்சி நிற்பவர் அந்தக் கடைசி மனிதரே.

சட்டம் அவருக்கு இட்ட பணி எளிதன்று. மாதிரி எடுப்பதற்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பொதுமக்களுள் ஒருவரையேனும் அழைத்து அவர் முன்னிலையில் செய்து கையொப்பம் பெற வேண்டும். எடுத்த பொருளுக்குச் சந்தை விலை தர வேண்டும். அதனை நான்கு பாகமாக்கி முத்திரையிட்டு, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கும் இரண்டை நியமன அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். கடைக்காரர் வேண்டினால் நான்காவதை ஏற்பு பெற்ற ஆய்வகத்துக்கு விடுக்க வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். காரணமின்றி ஒருவரைத் துன்புறுத்திப் பொருளைக் கைப்பற்றினால் அலுவலருக்கே ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. இவையெல்லாம் நேர்மையான வணிகரைக் காப்பதற்காக இடப்பட்ட வேலிகள். மிகவும் சரியானவையே. ஆனால் இவற்றுள் ஒன்றில் பிழை நேர்ந்தாலும் குற்றம் செய்தவர் தப்பிவிடுவார். அன்று எங்கள் பந்தலில் அந்த இளைஞர் மாதிரி எடாமல் சென்றது ஏன் என்பதை இச்சட்ட விவரங்களைத் தேடிப் படித்த பின்னரே உணர்ந்தேன். சாட்சி நிற்க நாங்கள் ஒருவரும் இசையவில்லை. அவருடன் வந்த துணையும் இல்லை.

இங்கே நம்மவருள் சிலர் ஓர் ஐயம் எழுப்பலாம். கடைக்காரனைத் தண்டிப்பதும் அவன் பிழைப்பைக் கெடுப்பதும் அகிம்சையாகுமா? இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டது சங்கல்ப இம்சை. பிறரைக் காக்கும் பொருட்டுத் தீமையை எதிர்த்தலில் நேரும் விரோத இம்சையை இல்லறத்தார் முற்றிலும் தவிர்த்தல் இயலாது என்பதே நம் நூல்களின் முடிபு. அரசு தண்டிப்பது அவ்வகையில் அடங்கும். ஆயினும் எனக்கு அதைவிட முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று.

'பிரமாதம்' என்ற சொல்லை இன்று மிக நன்று என்னும் பொருளில் வழங்குகிறோம்; பந்திக்குப் பந்தி அச்சொல்லைக் கேட்கலாம். சாத்திரத்தில் அதன் பொருள் கவனமின்மை. கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் வரையறை. பொன்னூர் மலையோடு நாம் இணைத்து வணங்கும் குந்தகுந்தாசாரியரும் பிரவசனசாரத்தில், உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் கவனமற்று நடப்பவனுக்கு இம்சை உறுதி என்னும் கருத்தை நிலைநாட்டியுள்ளார். நஞ்சு என்று அறிந்தே கலப்பவனைப் பற்றி ஐயமில்லை. ஆனால் சோதிக்க அனுப்பப்பட்டவர் சோதிக்கத் தெரியாதவராகவோ, சோதிக்கும் வசதி இல்லாதவராகவோ இருப்பின், அங்கே நிகழும் பிரமாதம் எவருடையது? அவரை அவ்வாறு அனுப்பிய சமுதாயத்தினுடையது என்றே நான் கருதுகிறேன். அச்சமுதாயத்தில் நானும் நீங்களும் உண்டு.

பயிற்சி என்பதைப் பற்றி எனக்குச் சிறிது தெரியும். ஆசிரியர் பயிற்சியில் மாதிரிப் பாடம் நடத்தி, மேற்பார்வையாளர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க நடுங்கிய நாட்கள் நினைவில் உள்ளன. பயிற்சியின்றி வகுப்புக்குள் நுழைபவர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: பிரம்பை எடுப்பார், அல்லது எதையும் காணாதவர் போல் இருந்துவிடுவார். சோதனை அலுவலருக்கும் அதுவே நேரும். கண்டதையெல்லாம் கொட்டி அழிப்பார். அல்லது கண்டும் காணாமல் போவார். இரண்டாவதற்கு ஊழல் என்று பெயரிட்டு விடுகிறோம். பல வேளைகளில் அது துணிவின்மையே.

நம் மாவட்டத்து மாம்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரா மாங்காயும் அதனைக் கூழாக்கும் ஆலைகளும் கிருஷ்ணகிரிக்குப் பிழைப்பு. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி தடை செய்யப்பட்டது. ஆனால் எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். அளவு வரை பயன்படுத்த 2016இல் இசைவு தரப்பட்டது. எத்திலீன் என்பது பழமே தனக்குள் உண்டாக்கிக்கொள்ளும் வாயு. இவ்விரண்டையும் வேறுபடுத்தத் தெரியாதவர் கிடங்குக்குள் புகுந்தால், முறைப்படி பழுக்கவைத்த ஏழை வணிகரின் சரக்கு குப்பைக்குழிக்குப் போகும். கார்பைடு வைத்தவரோ பழத்தைக் கழுவி அடுக்கிவிட்டுச் சிரிப்பார்.

2025ஆம் ஆண்டுக் கோடையில் நடந்தது நம்மில் பலரை நேராகவே தாக்கியது. தர்பூசணியில் சாயம் ஏற்றப்படுகிறது என்று ஓர் எச்சரிக்கை அலுவலர் தரப்பிலிருந்து காணொளிகள் வாயிலாகப் பரவியது. மக்கள் அஞ்சி வாங்க மறுத்தனர். திண்டிவனம், மரக்காணம் பக்கங்களில் பழம் கொடியிலேயே கிடந்து அழுகியது. பின்னர் விளக்கங்கள் வந்தன, தர்பூசணி உண்ணத்தக்கதே என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் பருவம் போயிற்று. திண்டிவனம், வந்தவாசி வட்டாரங்களில் நிலத்தை நம்பி வாழும் நம் குடும்பங்கள் எத்தனை என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எச்சரிக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதாகவே இருந்திருக்கலாம். எத்தனை மாதிரிகளில் என்ன கண்டோம் என்பதை மட்டும் சொல்லி, அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதிருத்தல் ஒரு பயிற்சி. முனிவர்க்குப் பாஷா சமிதி விதித்திருப்பது எதற்காக? அதிகாரம் உள்ளவரின் ஒரு சொல் ஒரு பருவத்து விளைச்சலையே அழிக்கவல்லது.

இனிப் பணத்தைப் பற்றி. சட்டம் செய்வதற்குச் செலவில்லை. அதை நடத்துவதற்கே செலவு. இங்கிலாந்தில் 1858ஆம் ஆண்டு பிராட்ஃபோர்டு நகரில் சர்க்கரைக்குப் பதிலாகக் கலக்கும் பொடி என்று எண்ணித் தவறுதலாகப் பாடாணத்தைக் கலந்த மிட்டாயால் 21 பேர் இறந்தனர். அதன் விளைவாக 1860இல் கலப்படச் சட்டம் வந்தது. ஆனால் பகுப்பாய்வாளரை அமர்த்துவதை அந்தந்த ஊர் மன்றங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டனர். ஊதியம் கொடுக்க விரும்பும் ஊர் மன்றம் எங்கே இருக்கும்? சட்டம் உறங்கியது, 1872இலும் 1875இலும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, மாதிரிகள் அனுப்பப்பட்ட 72 மாநில ஆய்வகங்களுள் 65 ஆய்வகங்கள் தேசியத் தரச்சான்று பெறாதவை என்று காட்டியது, ஆட்பற்றாக்குறையையும் சுட்டியது. சான்று இல்லாத ஆய்வகத்தின் அறிக்கையை வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றத்தில் என்ன பாடுபடுத்துவார் என்பதை எண்ணிப் பாருங்கள். அதன்பின் நிலைமை மாறிவந்துள்ளது. தமிழகம் 2021-22ஆம் ஆண்டுக்கான மாநில உணவுப் பாதுகாப்புக் குறியீட்டில் பெரிய மாநிலங்களுள் முதலிடமும், அதற்கடுத்த ஆண்டு மூன்றாம் இடமும் பெற்றது. மகிழத்தக்கதே. ஆயினும் குறியீட்டில் முதலிடம் பெற்ற மாநிலத்தில்தான் அந்த இளைஞரும் தனியே வந்து நின்றார்.

சிறிது பணமும் முறையான பயிற்சியும் என்ன செய்யும் என்பதற்கு வங்காளதேசம் நல்ல சான்று. அங்கே மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறப்பொடியைக் கலந்துவந்தனர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2019ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் இதனை வெளிக்கொணர்ந்தபின், அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் களத்தில் இறங்கியது. கையில் ஏந்திச் செல்லும் ஊடுகதிர்க் கருவியைச் சந்தைக்கே கொண்டுசென்று, அங்கேயே ஈயத்தைக் கண்டு, அங்கேயே வழக்கு நடத்தித் தண்டம் விதித்தனர். வணிகர்களுக்கு அறிவிப்புகள் வழங்கி எடுத்துரைக்கவும் செய்தனர். 2019இல் சந்தை மாதிரிகளுள் நூற்றுக்கு 47இல் காணப்பட்ட ஈயம், 2021இல் ஒன்றிலும் இல்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளரின் குருதியில் ஈயத்தின் அளவு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. செல்வம் மிகுந்த நாடு அன்று அது. மஞ்சள் அறைத்துக் குளித்து, மஞ்சள் கயிற்றில் தாலி கோத்து வாழும் நாம் இதனை ஊன்றிப் படிக்க வேண்டும்.

சூளகிரி எல்லைப்புறம். ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம் தொடங்கிவிடும். 2024 பிப்ரவரி 17 அன்று தமிழகம் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. புதுச்சேரியிலும் பிறகு சென்னையிலும் எடுத்த மாதிரிகளில் ரோடமைன்-பி என்னும் துணிச்சாயம் கண்டதே காரணம். கர்நாடகம் அவ்வாண்டு மார்ச்சு 11 அன்றுதான் அச்சாயத்தைத் தடுத்தது. இடைப்பட்ட மூன்று வாரங்களில், ஒரே நெடுஞ்சாலையின் இருமுனைகளில் ஒரே மிட்டாய்க்கு இரு நீதி. குட்கா தமிழகத்தில் 2013 முதல் தடை செய்யப்பட்டது; எல்லை வழியே மூட்டை மூட்டையாக வருவதைப் பிடிக்கும் வேலையும் இதே அலுவலர்கள் தலையில் ஏறியிருக்கிறது. அது வேண்டிய வேலைதான். ஆனால் குட்காவின் பின்னே ஓடும் நாளில் ஐஸ் ஆலைக்குள் நுழைய ஆளில்லை. எங்கள் பகுதிக் கடைத்தெருவில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒலிக்கின்றன. விதியைக் கடைக்காரரின் மொழியில் சொல்லத் தெரியாத அலுவலரிடம் எஞ்சுவது தண்டம் ஒன்றே.

புலால் விற்கும் கடையையும் இவ்வலுவலர்தானே சோதிக்கிறார், அதற்கு நாம் துணை நின்றால் அனுமோதனைப் பாவம் சேராதா என்று உறவினர் ஒருவர் என்னிடம் கேட்டார். தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே. ஆனால் அலுவலர் கொலைக்கு உடன்படவில்லை. உண்பவர் சாகாதிருக்கக் காவல் நிற்கிறார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அவள் உண்டது நமக்கு ஒவ்வாதது. அவள் உயிர் நமக்கு ஒவ்வாததா? ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் அது. இதற்கு மேல் நுணுக்கமான விடையை முனிவர்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். என் மனம் இவ்வளவோடு அமைகிறது.

நாம் செய்யக்கூடியது என்ன? அலுவலருக்கு நன்கொடை தருவது அன்று; அது நஞ்சு. சோதிக்கப்படுவோரிடம் பணம் பெறுபவர் எங்ஙனம் சோதிப்பார்? அந்த இளைஞர் என் மோரை மறுத்தது எத்துணைச் சரி என்பது இப்போது விளங்குகிறது. அவருக்கு வேண்டிய பொருள் வரிப்பணத்திலிருந்து, முறையாக, கேட்டுப் பெறப்பட்டு வர வேண்டும். கிராம சபைகளில் சாலைக்கும் விளக்குக்கும் குரல் எழுப்புகிறோம். நம் ஒன்றியத்தில் உணவு மாதிரிகள் எத்தனை எடுக்கப்பட்டன, எத்தனைக்கு அறிக்கை வந்தது என்று எவரும் கேட்டு நான் கண்டதில்லை. பொருளை வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வுக்கு அனுப்பவும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. குற்றம் காணப்பட்டால் அக்கட்டணம் திரும்பக் கிடைக்கும். நம் அறக்கட்டளைகள் விழாக்களில் சமைப்போருக்கு ஒரு நாள் பயிற்சி அளிக்கலாம். பஞ்ச கல்யாண விழாவுக்கு நாம் செலவிடுவதில் பந்தல் துணிக்கு ஆகும் பணத்திலேயே அது முடியும். சமையற்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் பணியாற்றிய நாளில் பிள்ளைகளுக்கு முன் சத்துணவைச் சுவைத்துப் பார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தேன். முட்டை தரும் நாளில் மட்டும் உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் எனக்காகப் பார்ப்பார். பீகாரில் 2013 ஜூலை 16 அன்று பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த பள்ளி உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்ட செய்தியைப் படித்தபோது அச்சுவைத்தல் நினைவுக்கு வந்து உடல் நடுங்கியது. நாவால் அறியக்கூடியவை சிலவே. அறிய முடியாதவற்றுக்காகவே கருவியும் பயிற்சியும் பெற்ற ஒருவர் வேண்டியிருக்கிறார்.

சென்ற ஆண்டு தை மாதத்தில், எங்கள் ஊர் மளிகைக் கடையொன்றில் வெல்லம் வாங்க நின்றிருந்தேன். அலுவலர் ஒருவர் வந்தார். முன்பு வந்த இளைஞர் அல்லர். வெல்லத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்று அறிவிப்புக் கொடுத்துவிட்டு, சாட்சிக்கு ஆள் தேடினார். நின்றிருந்தோர் ஒவ்வொருவராக நழுவினர். கடைக்காரர் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவர், "டீச்சரம்மா, நீங்களுமா?" என்பதுபோல் பார்த்தார். நான் அங்கேயே நின்றேன். எடை போட்டதும், நான்காகப் பிரித்து முத்திரையிட்டதும், விலையை எண்ணிக் கொடுத்து இரசீது பெற்றதும் எல்லாம் பார்த்த பின் கையொப்பமிட்டேன். எழுத்து சற்று நடுங்கியது. வயது காரணமாக இருக்கலாம்.

அறிக்கையில் குறை ஏதும் இல்லையென்று பின்னர் அறிந்தேன். அதன் படியைக் கேட்டு வாங்கிக் கடையின் முகப்பில் ஒட்டிவைத்திருக்கிறார் அவர். வெல்லம் நன்றாகவே விற்கிறதாம். என்னிடம் மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.